குழாயில் சூடு, அறையில் குளிர்

வுப்பர்டாலில் நாங்கள் இருந்த மேல்மாடி வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஜெர்மன்காரர் யார் எதைக் கேட்டாலும் "அலெஸ் கூட்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லாம் நல்லம் என்று அர்த்தம். அதற்கு மேல் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி வரும். அதற்குச் சொல்ல எங்களிடம் மொழியும் இல்லை, பதிலும் இல்லை. வீட்டை எடுக்கும்போது பதிந்தது இரண்டு பேரை. இருந்தது ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள் அந்த நகரத்திலேயே இருக்கக்கூடாத ஆள்.

அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். எங்கள் எல்லோரையும்விட வயது கூடியவர், வாயும் கூடியவர். அகதி விண்ணப்பம் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மாவட்டம் ஒதுக்கியிருந்தார்கள். அனுமதியில்லாமல் அதன் எல்லையைத் தாண்டக்கூடாது. அண்ணைக்கு வாய்த்தது பீலெஃபெல்டுக்கும் அப்பால் ஒரு கிராமத்து முகாம். அங்கே தமிழில் ஏசுவதற்குக்கூட ஒருவரும் இல்லை என்று சொல்லி, பெட்டியோடு எங்களிடம் வந்து இறங்கிவிட்டார். ஒருமுறை ரயிலில் பிடிபட்டு எச்சரிக்கையோடு தப்பியவர். இன்னொரு முறை பிடிபட்டால் மறியலில் அடைப்பார்கள், வழக்கும் கெட்டுப்போகும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

எண்பத்தேழு ஜனவரியில் எங்கள் பொயிலர் குழம்பியது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கிய பெட்டி அது. எரிவாயுவில் எரிந்து, குழாய்த் தண்ணீரையும் அறைகளிலிருந்த ஹீட்டர்களையும் அது ஒன்றே சூடாக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் குழாயில் கை பொசுங்கக் கொதிநீர் வருகிறது, ஹீட்டர்கள் எல்லாம் சில்லிட்டுக் கிடக்கின்றன. பெட்டி பற்றுவதும் அணைவதுமாக முனகிக்கொண்டிருந்தது.

கீழே குடியிருந்த வீட்டுக்காரியிடம் சொன்னால் திருத்தித் தந்திருப்பார். ஆனால் திருத்த ஆள் வருவான். ஆள் வந்தால் மெத்தைகளைக் காண்பான். ஆகவே பேசாமல் இருந்தோம். கொதிநீரைப் போத்தல்களில் பிடித்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டோம். கோட்டோடு சமைத்தோம், தொப்பியோடு படுத்தோம். ஊரில் வெயிலுக்கு ஏசிய வாய்கள் இப்போது குளிருக்கு ஏசின.

பின்னறையில் படுத்த அண்ணைக்குக் காய்ச்சல் வந்தது. அதன் பின்னால் இருமல். சும்மா தொண்டை இருமல் இல்லை, ஈர்வாளால் மரம் அரிவதுபோல இழுத்து இழுத்து வரும். அந்த அறைக்கு நேர் கீழேதான் வீட்டுக்காரியின் படுக்கையறை. அதனால் அங்கே நாங்கள் எப்போதும் வெறுங்காலோடு, மெல்ல அடிவைத்து நடப்போம்.

எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. ஹீட்டரைத் தொடுவேன், யன்னலால் தெருவைப் பார்ப்பேன், திரும்பவும் வந்து ஹீட்டரைத் தொடுவேன்.

"நீ தடவினாப்போலை அது சூடாகுமே தம்பி? ஒரு இடத்திலை இருவன்," என்று அண்ணை எரிந்து விழுந்தார்.

ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. எங்கள் கடிதம் ஒன்று மாறித் தன் பெட்டிக்குள் கிடந்தது என்று வீட்டுக்காரி எடுத்து வந்திருந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றேன். என்னுடைய கோட்டையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, ஹீட்டர் பழுதா என்று கேட்டார். "அலெஸ் கூட்" என்றேன். சொல்லும்போதே வாயிலிருந்து புகை வந்தது. அவர் அந்தப் புகையைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மாலையில் படியடியில் நின்று, நாளைக்கு ஆள் வருவார் என்று அறிவித்தார். எங்களைக் கேட்கவில்லை, அறிவித்தார்.

மறுநாள் விடியவே மற்ற மூவரும் வெளியே போனார்கள். தொங்குரயிலில் ஏறி ஒரு முனைக்கும் மற்ற முனைக்குமாகப் போய் வருவதாகத் திட்டம். மெத்தைகளை அலுமாரிக்குப் பின்னால் செருகினேன். அண்ணையை மட்டும் எழுப்ப முடியவில்லை.

"எனக்கு ஏலாது. கால் நிக்குதில்லை."

"அப்ப இருமாமல் படுங்கோ அண்ணை. அவனுக்குக் குசினியிலைதான் வேலை. இஞ்சை வரமாட்டான்."

"இருமலை நானே கூப்பிடுறன்? அது தன்ரை பாட்டிலை வருகுது."

பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

திருத்த வந்தவர் தடித்த மனிதர், மீசைக்காரர். பெட்டியின் மூடியைக் கழற்றி, தண்ணீரை அடைத்து, உள்ளேயிருந்து பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். வழி மாற்றும் வால்வு. கொதித்த நீருக்கு இரண்டு வழி: குழாயைத் திறந்தால் இது குழாயின் பக்கம் திரும்ப வேண்டும், பூட்டினால் ஹீட்டரின் பக்கம் மீள வேண்டும். எங்களுடையது குழாயின் பக்கமே இறுகிப்போயிருந்தது. உள்ளே ரப்பர் கிழிந்து, கம்பி முழுக்கச் சுண்ணாம்பு பூத்திருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். நாள் முழுக்கத் திறந்து பூட்டித் திறந்து பூட்டி இதைத் தேய்த்திருக்கிறீர்கள் என்று சைகையோடு சொன்னார்.

அதற்கும் காரணம் எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. கக்கூசுக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகாமல் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. அந்தக் குளிரில் அது வெந்நீராகவும் இருக்க வேண்டும். ஐந்து பேரும் ஒவ்வொரு முறையும் போத்தலை நிரப்ப, அந்த வால்வு போய்ப் போய் வந்திருக்கிறது. பாவம், அது வேறு யாருக்கோ செய்த வால்வு.

அப்போது பின்னறையில் இருமல் தொடங்கியது. அவர் தலையை நிமிர்த்தினார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மின்னடுப்பைப் போட்டு, சட்டியில் எண்ணெய் விட்டு, செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டேன். எல்லோருமே இருமினால் ஓர் இருமல் தனியாகக் கேட்காது என்பது என் கணக்கு. மிளகாய் கருகியது. அவர் இருமினார், நானும் இருமினேன், அவர் கண்ணீரோடு போய் யன்னலைத் திறந்தார். நல்ல யோசனைதான். ஆனால் புகைக்கு என் யோசனை விளங்கவில்லை. கதவிடுக்கால் பின்னறைக்குள் போய்விட்டது. அங்கிருந்து வந்த இருமல் சுவரையே உலுக்கியது.

"ரேடியோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்தார். புதுவால்வு எடுத்துவரக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் பொலிசோடுதான் திரும்புவார் என்று நம்பினேன். கதவுக்கும் யன்னலுக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. அவர் கையில் சின்ன மட்டைப்பெட்டியோடு தனியாகத்தான் வந்தார்.

புதியதைப் பூட்டிய பிறகு, நான் எதிர்பாராத வேலை ஒன்று மிச்சமிருந்தது. ஒவ்வொரு ஹீட்டரிலும் அடைபட்ட காற்றைத் திறந்துவிட வேண்டுமாம். சாவிபோன்ற ஒரு குட்டித் திறப்போடும் கோப்பையோடும் அறை அறையாகப் போனார். பின்னறை வாசலில் அவரை மறித்து, இது வேண்டாம் என்றேன். இதுதான் கடைசி என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

அண்ணை கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு மூட்டைபோலக் கிடந்தார். அந்த மூட்டை மூச்சு வாங்கியது. ஹீட்டர் அவருடைய தலைமாட்டில். மனிதர் மெத்தையின் ஓரத்தில் முழங்காலை ஊன்றி, திறப்பைத் திருகினார். காற்று சீறியது, கறுத்த தண்ணீர் கோப்பையில் சொட்டியது. பூட்டிவிட்டு, உள்ளங்கையை ஹீட்டரில் வைத்துச் சூடு வரும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, சாமான்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார். கீழே வீட்டுக்காரியோடு அவர் ஏதோ பேசுவது கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அண்ணை கம்பளியை விலக்கினார். "என்னைக் கண்டிட்டான்."

"கண்டும் ஒண்டும் கேக்கேல்லைத்தானே அண்ணை."

"கேக்காததுதான் பயமாக்கிடக்கு. கேட்டிருந்தால் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்." எழுந்து காற்சட்டையைத் தேடினார். "நான் வெளிக்கிடுறன். கொலோனிலை தெரிஞ்ச ஆள் இருக்கு."

"காய்ச்சலோடை எங்கை போறியள்? இப்பதானே அறை சூடாகுது. இண்டைக்கு ஒரு நாள் படுங்கோ."

கேட்கவில்லை. சப்பாத்து மாட்டும்போது முதுகை ஹீட்டரில் சாய்த்துக்கொண்டிருந்தார். "நல்ல சூடு," என்றார். நான் அவருடைய பெட்டியை பஸ் தரிப்புவரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த நாள் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அந்தக் கொலோன் ஆளுக்கு எடுத்தேன். அண்ணை அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. கொலோன் ஸ்டேசன் படியில் இருமல் பிடித்துக் குந்திவிட்டாராம். என்ன, சுகமில்லையா என்று தூக்கிவிட வந்த பொலிஸ்காரர், பிறகு கடதாசியைக் கேட்டு, பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். கூட்டிப்போக வந்த அந்த ஆளுக்கும் கடதாசி சரியில்லை. அவர் தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

எனக்கு எல்லோரிலும் கோபம் வந்தது. அண்ணையில், மீசைக்காரரில், எல்லாவற்றிலும் கூடுதலாக அந்தக் கொதிக்கிற ஹீட்டரில்.

சில நாட்களுக்குப் பிறகு படியில் வீட்டுக்காரியைக் கண்டேன். எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். பின்னறைக்காரருக்குச் சுகமாகிவிட்டதா? இப்போது இருமல் கேட்பதில்லை. அப்படி இருமுகிற மனிதர் குளிர் அறையில் கிடக்கக் கூடாது என்றுதான் உடனே ஆளைக் கூப்பிட்டாராம்.

எங்கள் காலடிச் சத்தத்தைப் பற்றி அவ்வளவு கவனமாக இருந்தோம். இருமல் கீழே கேட்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு முழுவதும் தெரிந்திருக்கிறது. ஒருவேளை நாங்கள் ஐந்து பேர் என்பதும் தெரிந்திருக்கும்.

அவர் பதிலுக்காகக் காத்து நின்றார்.

"அலெஸ் கூட்," என்றேன்.