ரிஸ்டரில் இருக்கிறாளா அம்மாக்கண்ணு?

அம்மாக்கண்ணு எதிலும் கைநாட்டு வைக்கமாட்டாள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ரேஷன் அட்டைக்கு வைக்கவில்லை. வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னபோது, படிவத்தில் விரல் வைக்கவேண்டும் என்றதும் வலியோடு எழுந்து மலையேறிவிட்டாள். மகள் வசந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனவள், வாத்தியார் மைப்பெட்டியைத் திறந்ததுமே பிள்ளையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேர். காட்டிலாகா ஜீப் சத்தம் கேட்டால் மற்றவர்கள் கோடாலியை ஒளிப்பார்கள், இவள் தன்னையே ஒளித்துக்கொள்வாள். சாமைக் கொல்லைக்குள் குப்புறப் படுத்து, ஜீப் போன பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கமாட்டாளாம்.

நான் போளூரில் பத்திர எழுத்தன். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிறது. பொறுமை எனக்குக் கொஞ்சமும் கிடையாது. அதை என் மனைவி சொல்வாள், ஆபீஸ் பியூன் சொல்வார், இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம். முகூர்த்த நாள் வேறு, நிலப் பத்திரக் கூட்டம் மேசையைச் சுற்றி நெரிந்துகொண்டிருந்தது. முதல் பஸ்ஸில் இறங்கி வந்த அம்மாக்கண்ணு, வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் வீரன் நின்றான். அவன் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரே ஒரு முறைதான். கூட்டம் குறையும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

"இன்னா வேணும்?" என்றேன்.

"ரிஸ்டரைப் பாக்கணும் சாமி."

"இன்னா ரிஸ்டர்?"

"கல்யாண ரிஸ்டர். அதுல நான் கீறனான்னு பாக்கணும்."

கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. உதடு வெளுத்துப்போய், கண் என் மேசையில் இருந்த மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். அதன் பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

வீரனுக்கு முன்னால் அவளைச் சக்கரவர்த்தி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவனும் மலைக்காரன்தான், ஆனால் கீழே இறங்கி லாரியில் கிளீனராகப் போனவன். கல்யாணமான மறுவாரமே போளூருக்குக் கூட்டி வந்து, ஒரு முத்திரைத் தாளில் எழுதி, அவள் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தவைத்திருக்கிறான். அப்புறம் அடி. விறகுக்கட்டையால் அடித்ததில் அவளுக்கு இடது முழங்கை இன்றும் நேராக நீளாது. அவள் அப்பன் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஊர்க்கூட்டம் உட்கார்ந்து, பரிசத்தைத் திருப்பி வைத்து, இனி ஒருவருக்கொருவர் பந்தமில்லை என்று தீர்த்துவிட்டது. மலையில் அதுதான் வழக்கம், அதற்குமேல் ஒரு கோர்ட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. பிறகு வீரனைக் கட்டிக்கொண்டாள், வசந்தி பிறந்தாள்.

"போவும்போது சொல்லிட்டுப் போனான் சாமி. ஒங்க கூட்டம் இன்னா வேணா தீக்கட்டும், கவர்மெண்டு ரிஸ்டர்ல நீ என் பொண்டாட்டி, ஒனக்குப் பொறக்கறதெல்லாம் எம் புள்ளைங்கன்னான். இப்ப வந்து நிக்கறான். வசந்திய டவுனுல ஒரு வூட்டுக்கு வேலைக்கு உடறதா பேசி வச்சிட்டான். வர்ற சந்தைக்கு வந்து இட்டுக்கினு போவானாம். தடுத்தா போலீசு வருமாம்."

சந்தைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பிள்ளைக்கு ஏழு வயது.

கல்யாணப் பதிவேடு யாருடைய சொந்தச் சொத்தும் அல்ல. மனுக் கொடுத்துத் தேடுகூலி கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புருஷன் பேரும் பெண்டாட்டி பேரும் வேண்டும், எந்த வருஷம் என்று தெரியவேண்டும். வருஷம் தெரியாவிட்டால் ஏட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அழவேண்டியதுதான். இதை அவளுக்குச் சொல்லிவிட்டு மனுத் தாளை எடுத்தேன்.

"என் பேர்ல எழுதாதீங்க. ஒங்க பேர்லயே எழுதுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுதினேன். "எந்த வருஷம் கல்யாணம்?"

அவள் இடதுகை விரலை மடக்கினாள். "வசந்தி பொறந்து ஏழு சாமை. அதுக்கு முன்ன ரெண்டு சாமை இவரு வூட்டுல. அதுக்கு முன்ன ஒரு சாமை அவங்கிட்ட."

சாமை அறுப்பு வருஷத்துக்கு ஒன்று. பத்து சாமை என்றால் பத்து வருஷம், ஆக எழுபத்திரண்டு. பாதுகாப்புக்கு எழுபத்து மூன்றையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் வாசற்படியோடு நின்றுவிட்டாள். உள்ளே வரச்சொன்னால் தலையை ஆட்டுகிறாள்.

ஏடுகளைக் கவனிக்கிற கோபால்சாமி என் கூட்டாளி. முகூர்த்த நாளில் தேடுதல் மனுவா என்று முணுமுணுத்துக்கொண்டே அட்டவணையை இறக்கினார். ஆண்பிள்ளை பேரில் ஒரு வரிசை, பெண்பிள்ளை பேரில் ஒரு வரிசை. 'ச' பக்கத்தில் பார்த்தோம், 'அ' பக்கத்தில் பார்த்தோம். இரண்டு வருஷத்திலும் இல்லை. அந்தக் காலத்தில் கல்யாணத்தைப் பதிகிறவர்களே குறைவு, பக்கங்கள் பாதி வெறுமையாகக் கிடந்தன.

"இல்லம்மா!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

நிம்மதியில் அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் வீரன் வாயைத் திறந்தான்.

"மழை பொய்ச்ச வருசம்?"

"இன்னாய்யா?"

"நடுவுல ஒரு வருசம் மழையே இல்லீங்க. சாமை வெதைக்கல. கெழங்கு நோண்டித் தின்னோம். அந்த வருசத்த இது எண்ணலீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளையாத வருஷத்தை வருஷமாகவே எண்ணாமல் விட்டிருக்கிறாள்! அதைக் கேட்காமல் விட்டது யார் என்றும் அதே மூச்சில் தோன்றியது, கோபம் என் மேலேயே திரும்பியது. அம்மாக்கண்ணு சாய்ந்த சுவரிலிருந்து நிமிர்ந்துவிட்டாள். "அய்யோ, ஆமா சாமி" என்று மட்டும் சொன்னாள்.

எழுபத்தொன்றுக்குப் புது மனு எழுதினேன். கோபால்சாமி என்னைத் திட்டிக்கொண்டே பழைய அட்டவணையைத் தூசி தட்டினார். 'ச' வரிசையில் ஒன்றும் இல்லை. 'அ' வரிசையில் அவர் விரல் பாதிப் பக்கத்தில் நின்றது.

"அம்மாக்கண்ணு" என்று படித்தார்.

வாசலைத் திரும்பிப் பார்த்தால், அம்மாக்கண்ணு முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்துத் தன் கட்டைவிரலை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அரிவாள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ. கோபால்சாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார், பெரிய ஏட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார். அந்த மனுஷன் நிதானம் அன்றைக்கென்று பார்த்து என்னைக் கொன்றது.

"புருஷன் பேரு ராஜாக்கண்ணு. ரெண்டு பேரும் போளூர்க்காரங்க. பொண்ணுக்கு வயசு முப்பத்தஞ்சு" என்றார் கடைசியில். "இது வேற அம்மாக்கண்ணு."

நான் வெளியே வந்து அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். நம்பவில்லை. கோபால்சாமியே எழுந்து வந்து சொன்னார். ஆனால் ஆபீஸ்காரர் இல்லையா, ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டார்: "இந்த ஆபீசுல இல்ல. வேற ஆபீசுல பதிஞ்சிருந்தா எனக்குத் தெரியாதும்மா."

"வேற எங்கயும் இல்ல சாமி. இங்கதான் வச்சேன்" என்றாள்.

"இங்கன்னா எங்க? ஆபீசுக்குள்ள வந்தியா?"

"உள்ள வரல. அந்த மரத்தடியில."

அவள் காட்டிய இடத்தில் என் மேசை இருந்தது.

"யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சாமி" என்றாள். கோபமோ குறையோ அந்தக் குரலில் இல்லை. "நீங்கதான் என் வெரலப் புடிச்சி அழுத்தினீங்க. இது இனிமே அழியாது, ஏழு தலைமொறைக்கும் ரிஸ்டர்ல நிக்கும்னு சொன்னீங்க. எங்க வச்சீங்கன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்? அதான் ஒங்ககிட்டயே வந்தேன்."

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்படி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். முத்திரைத் தாளில், 'நாங்கள் இருவரும் கணவன் மனைவியாக வாழச் சம்மதிக்கிறோம்' என்று ஒரு ஒப்பந்தம். அது ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்காது, எந்த ஏட்டிலும் ஏறாது. எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு கெத்துக்காக அந்த ஏழு தலைமுறை வசனத்தை எல்லோரிடமும் சொல்வேன். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு முத்திரை குத்திய தாள் எல்லாமே ரிஸ்டர்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

அதை அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எழுத்தர் உரிமம் போய்விடும் என்ற பயம் முதலில் வந்தது, வெட்கம் பிறகுதான் வந்தது. 'மேற்படி ஆண்டுகளில் மேற்படி பெயர்களில் திருமணப் பதிவு ஏதும் இல்லை' என்று சார்பதிவாளர் கையெழுத்தோடு சான்று வாங்கி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"காயிதம் பேசாது சாமி. எங்களுக்குப் படிக்கவும் தெரியாது. சந்தைக்கு நீங்க வந்து பேசுங்க" என்றாள்.

அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சக்கரவர்த்தி இப்போது லாரி ஓட்டுகிறவன், இடுப்பில் கத்தி வைத்திருப்பான் என்று விசாரித்ததில் தெரிந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முடிவு செய்தேன். சந்தையன்று காலையில் கால் தானாக ஜமுனாமரத்தூர் பஸ் ஏறியது. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும், பஸ் பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்றுதான் இருந்தது. அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

நான் இறங்கும்போதே கூட்டம் கூடியிருந்தது. புளியும் சாமையும் குவித்திருந்த இடத்துக்கு நடுவே சக்கரவர்த்தி நின்றான், கூட இரண்டு பேர். ஒரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள், மறுகையில் வசந்தியின் மணிக்கட்டு. பிள்ளையின் அடுத்த கையை அம்மாக்கண்ணு பிடித்திருந்தாள். வீரன் அவளை ஒட்டி நின்றான். ஊர்க்கூட்டத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ரங்கசாமியும் நின்றார், ஆனால் அந்தத் தாளுக்கு முன்னால் அவருக்கும் வாய் வரவில்லை.

"ரிஸ்டர் கீது! எவன் தடுக்கறான், வாங்கடா பாப்போம்!" என்றான் சக்கரவர்த்தி.

"அத்த எழுதினது நானு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்தது. முகத்தில் சந்தோஷம்கூட வந்தது. "சொல்லுய்யா! நீதானே சொன்ன, ரிஸ்டர்ல ஏறிடுச்சின்னு? இவங்களுக்குச் சொல்லு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனும் அதை நம்பியிருக்கிறான்.

"சொன்னேன். பொய் சொன்னேன்" என்றேன். "அது வெறும் ஒப்பந்தம். எந்த ஏட்டுலயும் ஏறல. மூணு வருசத்து ரிஸ்டரத் தேடிட்டு வர்றேன், இதோ சார்பதிவாளர் கையெழுத்து. நம்பலன்னா நீயே போய்ப் பாரு. யாரு கேட்டாலும் காட்டுவாங்க."

ரங்கசாமி மெல்ல முன்னால் வந்தார். "அப்படின்னா எங்க கூட்டம் தீத்ததுதான் தீர்ப்பு. கைய உடுடா" என்றார்.

சக்கரவர்த்தி இடுப்பில் கை வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சுற்றி நின்ற ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நெருங்கி வந்துவிட்டார்கள். அவன் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிள்ளையின் கையை விட்டான். கூட வந்த இருவரும் அதற்கு முன்னாலேயே நகர்ந்திருந்தார்கள்.

அம்மாக்கண்ணு பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு புளிக்குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வசந்தியின் மணிக்கட்டில் அவன் விரல் பட்ட இடம் சிவந்திருந்தது, அதை நீவிக்கொண்டே இருந்தாள். என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று, வெட்கமில்லாமல், எதிர்பார்த்து நின்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ரிஸ்டர் இல்லைங்கற இந்த ஒரு வார்த்தைய," என்றாள், "என் வெரல அழுத்தின அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி."