வெட்டாத இடத்தில் ஒட்டுப்பால்

ரத்தம் எடுக்கிற வேலையில் பாதி ஊசி, மீதி காத்திருப்பு. கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த நேரம் எதிரே இருப்பவளின் மனசும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

சுரண்டல்

தங்கராஜ் அண்ணன் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். மனைவி எஸ்தர் அக்கா கொடுத்த கிட்னியோடு, இப்போது நாற்றங்காலில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டுகிறார். மாதம் ஒருமுறை, காலை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் எங்கள் நாகர்கோவில் லேபுக்கு வருவார். ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை போடலாம். அவர் சட்டையில் மலைப்பனியின் ஈரம் இருக்கும். ஊசியை எடுத்ததும் நான் அந்தப் பனிக்குள் ஒரு நடை போய் வருவேன்.

"எதுக்கு மாசாமாசம்?" என்று ஒருநாள் கேட்டார். வேற்றாள் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொண்டதா என்று பார்க்கத்தான் என்றேன். நாற்றங்காலில் கன்றின் பட்டைக்குள் வேறு மரத்து மொட்டு வைத்துக் கட்டிய ஒட்டையும் சில வாரம் கழித்து அவிழ்த்து, கத்தியால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்களாம். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் போயிற்று.

"அப்போ நீயும் சுரண்டித்தான் பாக்க மக்கா, பச்சை தெரியுதான்னு."

உறைதல்

சில ட்யூபுகளில் ரத்தம் தானாக உறையட்டும் என்று விட்டுவிடுவோம். ஜன்னல் வெளிச்சத்தில் அது மெல்ல இறுகி, மேலே இளமஞ்சள் நீர் தெளிந்து வருவதைப் பார்த்தபடி எத்தனையோ காலைகளைத் தொலைத்திருக்கிறேன். அன்று அண்ணனும் கூடவே நின்று பார்த்தார். வெட்டின மரப்பட்டையில் ஒட்டுப்பால் இறுகிக் காயத்தை மூடுகிற மாதிரிதானே என்றார்.

அதேதான் என்றேன். ஆனால் உடம்பின் காவல் அந்நியக் கிட்னியோடு சண்டைக்குப் போனால், அதிலுள்ள பொடி ரத்தக்குழாய்களின் சுவரில் அடி விழும். ரத்தம் அதைக் காயம் என்று நினைத்து அங்கேயே உறைந்து வழியை அடைத்துவிடும். அதனால்தான் காவலை அடக்கிவைக்க மாத்திரை. அவர் ட்யூபை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"வெட்டாத எடத்துல ஒட்டுப்பாலா, மக்கா?"

சக்தி

ஆனி மாதச் சாரல் விழுந்த ஒரு காலையில் எண்கள் கெட்டுப்போயிருந்தன. கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் ஏறியிருந்தது, உறைதலில் செலவாகும் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. மிஷினில் இரண்டாம் முறை ஓட்டியும் அதேதான். டாக்டருக்குப் போன் செய்தேன். கிட்னி மாற்றிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பச் சொன்னார். மாத்திரை தவிர வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்கவும் சொன்னார்.

துணைக்கு வந்திருந்த எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். மழைக்காலம், சளி, தடிமன் பிடித்துவிடக்கூடாதே என்று மூன்று வாரமாகச் சீந்தில் கொடிக் கஷாயம் கொடுத்திருக்கிறாள். எதிர்ப்புச் சக்தி கூடும் என்று ஊரெல்லாம் சொல்கிறதே. இவருக்கு அது கூடவே கூடாது, கூடினால் சண்டை உங்கள் கிட்னியோடுதான் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் காரணம் என்று உறுதியில்லை என்றும் சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை. சேலைக்குமேல், தழும்பு இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்ததை நானே அடிச்சு வெரட்டப் பாத்தேனா, மக்ளே?"

பச்சை

ஆஸ்பத்திரியில் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சண்டை தொடங்கித்தான் இருந்தது. பெரிய மருந்துகளால் அதை அடக்கி, வாரக்கணக்கில் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அண்ணன் பாதியாக இருந்தார். ரத்தம் எடுத்தேன். மிஷின் ஓடி முடியும்வரை அன்று நான் எங்கும் மிதக்கவில்லை.

ரிசல்ட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தோம். டாக்டரிடம்தான் பிரிக்க வேண்டும். அக்கா கவரை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"பச்சை தெரியுதா மக்ளே?"

முடிவை நோயாளி வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது லேப் சட்டம், அதனால் நான் "நல்லாத் தெரியுது" என்று சொன்னது ரப்பர் கன்றைப் பற்றி மட்டும்தான்.