உப்பு என்று ஒரு வார்த்தை

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு லேபிள்காரி என்றுதான் பெயர். எந்தச் சட்டையை எந்தத் தண்ணீரில் அலச வேண்டும், பிழியலாமா, இஸ்திரி போடலாமா என்று அச்சடித்த துண்டுத் துணியைச் சட்டைக்குள் வைத்துத் தைப்பவள். பதினேழு வருட சர்வீஸ். அவளுக்குக் கோபம் வந்தால் மிஷினே பயப்படும் என்பார் சூப்பர்வைசர். அந்தக் கோபம் மொத்தமும் இன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது.

உள்ளே கணவர், மார்பெல்லாம் ஒயர்களோடு. காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குறைத்துவிட்டதாம். பிழைப்பாரா என்று கேட்டால் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே டாக்டர்தான் கணவரின் ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "கிட்னியில உப்பு கூடியிருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பினார். அவள் அண்ணனிடம் சொன்னாள். இரண்டு முறை சிறுநீரகக் கல் விழுந்தவர். அந்தக் கல்லைத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் காட்டுவார். தெருவில் அவருக்குக் கல்லு டாக்டர் என்றே பட்டம். "உப்பு சேர்ந்தாத்தானே கல்லாகும்? என் சிரப்பைக் குடு, கரைஞ்சு ஓடிரும்" என்று பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் இரண்டு கரண்டி.

இப்போது அவள் கொண்டுவந்த அந்தப் பாட்டிலை வாங்கிப் படித்தார் டாக்டர்.

"இது பொட்டாசியம் மருந்தும்மா. உங்க அண்ணன் கிட்னி நல்லா வேலை செய்யுது. அவருக்கு இது கல்லு வராம தடுக்கும், மிஞ்சின பொட்டாசியத்தைக் கிட்னியே வெளிய தள்ளிடும். இவர் கிட்னிக்குத் தள்ளத் தெம்பில்ல. நான் உப்புன்னு சொன்னது ரத்தத்துல சேர்ற கழிவை. கல்லை இல்ல."

"அதை அன்னைக்கே சொல்ல வாய் வலிச்சுதா? ஒரு சட்டைக்கு ஏழு வரி அடிச்சுத் தைக்கிறோம் சார். ஒரு மனுஷனுக்கு ஒரே ஒரு வார்த்தையா?"

டாக்டர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவளுக்கு ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மூச்சிரைக்க வந்தார், கையில் ஆரஞ்சு ஜூஸ். "மாப்பிள்ளைக்குத் தெம்பா இருக்கட்டும்னு..."

பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். "இதுலயும் அதே பொட்டாசிய எழவுதான் இருக்காம்! உனக்குக் கல்லு விழுந்தா ஊருக்கே வைத்தியம் பார்க்கக் கெளம்பிருவியா? போண்ணே, என் கண்ணு முன்னாடி நிக்காத!"

சாயங்காலம் துடிப்பு சீரானது. பிழைத்துக்கொண்டார், போய்ப் பாருங்கள் என்றார் நர்ஸ்.

கட்டிலருகே போய் நின்றபோது திட்ட யாருமே மிச்சமில்லை. குமட்டுது, வேண்டாம் என்று தினமும் கெஞ்சியவரை, "சின்னப் பிள்ளையா நீங்க, வாயைத் திறங்க" என்று அதட்டி ஊற்றியது டாக்டரும் இல்லை, அண்ணனும் இல்லை.

அவர் கண் விழித்தார். அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு, அவள் அதட்டுவதற்கு முன்னால், தானாகவே வாயைத் திறந்தார்.