புள்ளிக்கு முன்னால் மூன்று எண்

முதல் கீமோ முடிந்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மலையாளத்தில் ஒன்பது வரி. என்னென்ன கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்ற பட்டியல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் தாள் என் கைக்கு வந்தது. பொன்முடி மலைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து வாசித்தேன். ஒன்பதையும் சொன்னால் அப்பா குழம்பிப்போவார் என்று நினைத்தேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் காய்ச்சல் வந்தால் ஆபத்து என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வைத்து அப்பாவுக்கு எண் காட்டும் தெர்மாமீட்டரைப் பழக்கினேன். அவருக்கு எண் வாசிக்கத் தெரியாது, எண்ணிப் பார்க்கத் தெரியும். புள்ளிக்கு முன்னால் இரண்டு எண் இருந்தால் பயமில்லை, மூன்று வந்தால் அந்த நிமிடமே எனக்குப் போன் செய்யுங்கள் என்றேன். எவ்வளவு சுலபமாக்கிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டவுனில் ஆரியசாலைக்குத் திரும்பினேன். அங்கே ஒரு பருப்பு மொத்தக்கடையில் எனக்கு வேலை.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகும் தினமும் சாயங்காலம் கூப்பிட்டேன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பேன். ரெண்டு எண்தான் என்பார் அப்பா. அந்த வாரம் முழுக்க அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் இடது பாதி இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரை செங்காவி பூசிக் காய்ந்து வெடித்திருந்தது. இடது கண் வீங்கி மூடியிருந்தது.

“அக்கிடா,” என்றார் அப்பா. “இன்னியோட அஞ்சு நாளாச்சு. வித்துராவுல சட்டி பானை செய்யுற வீட்ல எழுதினோம். மூணு நாளும் காலம்பற மொத பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன்.”

எங்கள் ஆட்களுக்கு அக்கி என்றால் மருந்து கிடையாது. குயவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின்மேல் சிங்கம் எழுதுவார். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. சிறுவயதில் என் முதுகிலும் எழுதியிருக்கிறார்கள். அது ஆறியும் போனது.

“சிங்கம்னுதான் சொன்னாரு,” என்றாள் அம்மா. “கண்ணாடியில பாத்தா பூன மாதிரி இருக்கு. சாரமில்ல மக்கா, ஒண்ணுமில்ல, எரிச்சல் கொறஞ்சிரும்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அப்பா தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினார். “நீ சொன்ன மாதிரியே தெனமும் பாத்தேன். மூணு வரவே இல்லியே.”

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அம்மா துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு என் தோளில் சரிந்தாள். குயவரையும் முன் சீட்டில் இருந்த அப்பாவையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பஞ்சை நனைத்து நனைத்துக் காவியைத் துடைத்தார். அடியில் கொப்புளங்கள் உடைந்து சீழ் வைத்திருந்தன. மூக்கின் நுனியிலும் நாலைந்து. டாக்டரம்மா அந்த மூக்கு நுனியைத்தான் நெடுநேரம் பார்த்தார். எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, உடம்பு பலமிழந்த நேரத்தில் எழும்பியிருக்கிறது, மூக்கு வரை வந்தால் கண்ணுக்குள்ளும் போயிருக்கும் என்றார். பிறகு எத்தனை நாளாயிற்று என்று கேட்டார்: “எத்ர திவசமாயி?”

“இன்னலெ துடங்கியதா டாக்டரே,” என்றாள் அம்மா. நேற்றுத்தான் என்று. என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் மூன்று பேருடைய மானமும் தப்பும்.

“இல்ல டாக்டர். அஞ்சு நாளாச்சு.”

அவர் திட்டவில்லை. முதல் மூன்று நாளுக்குள் மருந்து ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லி டிரிப் எழுதினார். மற்ற நோயாளிகளுக்குத் தொற்றக்கூடாது என்று தனி அறை கொடுத்தார்கள். மறுநாள் கண் டாக்டர் வந்து வீங்கிய இமையை விலக்கி டார்ச் அடித்தார். வெளிச்சம் தெரிகிறது என்றாள் அம்மா. எத்தனை விரல் என்று கேட்டதற்கு, விரலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். பார்வை திரும்புமா என்று வாசலில் வைத்துக் கேட்டேன். இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். அடுத்த கீமோவும் தள்ளிப்போனது. அது எத்தனை நாள் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் பையில் துண்டு தேடும்போது அந்தத் தாள் கையில் வந்தது. என்ன அது என்று அம்மா கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காய்ச்சல். வாய்ப்புண். ரத்தக்கசிவு. பிறகு நான்காவது வரி. தோலில் புதிதாகக் கொப்புளமோ தடிப்போ எரிச்சலோ கண்டால் உடனே வரவும்.

அம்மா தாளுக்குக் கை நீட்டினாள்.

“இது அன்னிக்கும் இருந்துச்சா மக்கா?”

“இருந்துச்சும்மா.”

அப்பா வாசலில் தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா வலது கண்ணையும் மூடிக்கொண்டாள்.

“மிச்சத்தையும் வாசி. அவரும் கேக்கட்டும்.”