யூரியா நூற்று எண்பத்தாறு

என் அக்கா பிழைக்க மாட்டாள் என்பது எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு யாரும் சொல்லவே இல்லை. எண்பதுகளின் நடுவில் நடந்தது. இப்போதும் அதைப் பேச ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. என் பிள்ளைகள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் அதியமான்கோட்டைக்குப் பக்கம். கேழ்வரகும் மரவள்ளியும் போடுகிற, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிற குடும்பம். அக்காவைப் பாலக்கோட்டுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் பத்தொன்பது, தருமபுரியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை. மருத்துவச்சி ஒரு மணி நேரம் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அதற்குள் பாய், அதன் கீழே இருந்த சாக்கு, தரை எல்லாம் ரத்தம். தக்காளி ஏற்றப் போன வேனை நெடுஞ்சாலையில் மறித்து, அக்காவைத் தருமபுரியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் நஞ்சை எடுத்தார், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார், ரத்தப்போக்கை நிறுத்தினார். அதற்காக இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரத்தம் நின்றது. ஆனால் சிறுநீர் இறங்கவில்லை. ரப்பர் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே பாட்டில் வைத்திருந்தார்கள். இரண்டு நாளாகப் பாட்டிலில் அடிமட்டம் நனைந்ததோடு சரி. அக்காவின் முகம் வீங்கியது. மூச்சில் ஒரு நெடி வந்தது. சாப்பிட்ட கஞ்சியெல்லாம் வாந்தி. நான்காம் நாள் ரத்தம் எடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு சின்ன லேபுக்கு அனுப்பினார்கள். முடிவை வாங்கி வந்தவள் நான். சீட்டில் பிளட் யூரியா 186 என்று இருந்தது. பக்கத்திலேயே இருபது முதல் நாற்பது வரை இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. படித்துக்கொண்டே நடந்து வந்தேன். என்னவென்று புரியாவிட்டாலும் நடையை எட்டிப் போட்டேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆம்பளைங்க யாராவது இருந்தா உள்ள வரச் சொல்லும்மா" என்றார்.

"நான் படிச்சவதாங்க. எங்கிட்ட சொல்லுங்க."

"வரச் சொல்லும்மா."

அப்பாவும், அக்கா வீட்டுக்காரரும், அவருடைய அப்பாவும் உள்ளே போனார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அப்பா, "வூட்டுக்குப் போலாம்னுட்டாங்க" என்றார். அக்காவுக்குக் குணமாகிவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷமாகத் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். அந்த மூன்று பேரும் நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். அக்காவின் கிட்னி இரண்டும் நின்றுவிட்டது, யூரியா இந்த அளவுக்கு ஏறினவர்கள் திரும்பியதில்லை, ஒரு வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கைக்குழந்தையோடு நிற்கப் போகிறார், வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் குழந்தையை என்ன செய்வாளோ தெரியாது, அதனால் என்னை அவருக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறார்கள்.

"அக்கா இன்னும் உசுரோட இருக்கறாம்மா" என்றேன்.

"இப்பவே யாரும் செய்யப் போறதில்ல. பேசி வெச்சுக்கணுமில்ல."

"எப்பப் பேசினாங்க?"

"நேத்து வர்றப்பவே. வேன்ல."

அக்கா வேனின் பின்பக்கம் படுத்திருந்தாள். அவள் தலை என் மடியில் இருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து அவர்கள் பேசியதை, வண்டிச் சத்தத்தில் நான் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

நேராக மாமாவிடம் போனேன். அக்கா வீட்டுக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றுகொண்டிருந்தார். "மாமா, உங்களுக்கு இதுல சம்மதங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பெரியவங்க பேசறாங்க. நான் என்ன சொல்றது" என்றார்.

அதற்குள் ஊரில் வேறொரு பேச்சு. எங்கள் ஊருக்கு யூரியா என்றால் வயலுக்குப் போடும் உரம். ரத்தத்தில் யூரியா இருக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள், அவள் உரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். பார்க்க வந்த ஒருத்தி அக்காவின் காதுபடவே, "பச்ச ஒடம்புக்காரிக்கு அப்படி என்ன மனக்கஷ்டம்" என்று கேட்டாள். அவளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன். அதற்கும் அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

பங்குச் சாமியார் வந்து அக்காவுக்கு எண்ணெய் பூசி ஜெபம் செய்தார். வெளியே வந்தவரை அப்பா வேப்பமரத்தடியில் நிறுத்தி, அக்கா தங்கையை அடுத்தடுத்து ஒருவருக்கே கொடுக்கத் திருச்சபையில் தடை ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். சாமியார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "காலம் வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அன்றைக்கே மத்தியான பஸ்ஸைப் பிடித்து அந்த லேபுக்குப் போனேன். லேப்காரருக்கு முப்பது வயது இருக்கும். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே என்ன வேண்டும் என்றார்.

"நூத்தி எம்பத்தாறுன்னா செத்துருவாங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "யார் சொன்னது?"

"நீங்க குடுத்த சீட்டப் பாத்துட்டு டாக்டர் சொன்னாருங்க. ஒரு வாரமாம்."

"நான் எழுதுனது நூத்தி எம்பத்தாறு மட்டுந்தாங்க. ஒரு வாரம்னு எழுதல." எரிச்சலோடுதான் சொன்னார். "அதுக்கு முந்தின நாள் எத்தன?"

"முந்தின நாள் எடுக்கலைங்க."

"மறுநாள்?"

"எடுக்கலைங்க. வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அப்ப ஏறுதா எறங்குதான்னு எப்பிடித் தெரியும்?"

நான் அழுதுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காதவர்போல ஒரு டெஸ்ட் டியூபைக் கழுவினார். பிறகு சொன்னார். நிறைய ரத்தம் போனால் கிட்னி அதிர்ச்சியில் நின்றுவிடுவது உண்டு, சில பேருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும், சில பேருக்கு ஆரம்பிக்காது. "பொழைச்சிருவாங்கன்னு நான் சொல்லலீங்க. அதச் சொல்ல எனக்குப் படிப்பு இல்ல. நாளன்னைக்கு வந்து இன்னொரு தடவை ரத்தம் எடுக்கறேன்." கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுதச் சொன்னார். அந்த அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் தண்ணீர் கொடுக்க வேண்டும், இளநீர், பழம் எதுவும் கூடவே கூடாது, அது இதயத்தை நிறுத்திவிடும் என்றார்.

அந்த இளநீரால் எனக்கு வந்த வினையைச் சொல்ல வேண்டும். இளநீர் குடித்தால் நீர் இறங்கும் என்று ஆளுக்கு இரண்டு காயைச் சீவிக் கொண்டுவந்தார்கள். நான் வாசலிலேயே மறித்து வாங்கி வைத்துக்கொண்டேன். அக்காவின் மாமியார் அதைப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னாள்: "சாகப் போறவளுக்கு ஒரு எளநி குடுக்க வுடமாட்டேங்கறா உம் பொண்ணு. அவளுக்கு என்ன அவசரமோ."

அந்த அவசரத்தை ஏற்பாடு செய்தது யார்? நான் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் நாள் ஐம்பது மில்லி. அடுத்த நாள் எண்பது. அக்கா பெரும்பாலும் கண்ணை மூடிக் கிடந்தாள். விக்கல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சொன்னபடி லேப்காரர் மொபெட்டில் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே நான் போய் முடிவை வாங்கினேன். இருநூற்றுப் பதினான்கு.

வீட்டில் அப்பா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் அந்தப் புள்ளைக்கு இன்னொரு தடவ ஊசி குத்துனீங்களா" என்றார். என்னிடம் லேப்காரர் சொன்னது மட்டும்தான் இருந்தது. மூன்று நாளில் இவ்வளவுதான் ஏறியிருக்கிறது, கிட்னி அடியோடு நின்றுபோயிருந்தால் இதைவிட வேகமாக ஏறியிருக்க வேண்டும், அளப்பதை விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி—மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்—குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, இது எனக்கே ஆகப்போகிறது என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். பாலக்கோட்டு வீட்டின் அடுப்படி எங்கே இருக்கும் என்றுகூட மனதுக்குள் ஓடியது. இரண்டாவது சீட்டு என்னையும் சாய்த்துவிட்டது. மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் இருப்பது அதனால்தான்.

மறுநாள் ஜாடியில் முந்நூறு வந்தது. கண்ணை நம்பாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் தொள்ளாயிரம். அதற்கும் அடுத்த நாள் ஜாடி இரண்டு தடவை நிரம்பி, மூன்றாவது தடவை பாதி. ஓடிப்போய் லேப்காரரிடம் சொன்னேன். அவர் முதல் தடவையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "இனிமே தண்ணிய நிறுத்தாதீங்க. போற அளவுக்கு உள்ள போகணும். இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில சேத்துருங்க, இந்த நேரத்துலதான் உப்பு எறங்கிப்போகும்" என்றார். சேர்த்தோம். அங்கே எடுத்த ரத்தத்தில் யூரியா நூற்று ஐம்பத்தெட்டு. நாலு நாள் கழித்துத் தொண்ணூறு. அக்கா கஞ்சி கேட்டாள். பிறகு குழந்தையைக் கேட்டாள்.

நான் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். இந்தத் தடவை ஆம்பளை யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேசைமேல் வரிசையாக வைத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது.

"பரவால்லயே. சில பேருக்கு இப்படி ஆகறது உண்டு" என்றார்.

"சில பேருக்கு ஆகும்னு அன்னைக்குச் சொல்லலீங்களே."

"ரிசல்ட்டப் பாத்துத்தாம்மா சொன்னேன். ரத்தத்தச் சுத்தம் பண்ற மெஷின் இல்லாத ஊர்ல நான் வேற என்ன சொல்ல முடியும்?"

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாங்க."

அவர் பேனாவை மூடினார். அடுத்த பேஷண்டைக் கூப்பிடச் சொல்லி நர்ஸுக்குக் கை காட்டினார். நான் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு வாரம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. எங்கள் வீட்டாருக்கு அதைக் கேட்பதும் சுலபமாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதைவிட, ஆனது ஆகட்டும் என்று அடுத்த காரியத்தைப் பேசுவது ஆண்களுக்கு எளிதாகிவிட்டது.

என்னைக் கொடுப்பதாகப் பேசிய பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல இருந்தார்கள். அக்கா மூன்றாம் மாதம் குழந்தையோடு பாலக்கோட்டுக்குப் போனாள். மாமா அவளை நன்றாகவே வைத்துக்கொண்டார். நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். என் கல்யாணத்தில்கூட அவர் கொடுத்த சீர்த்தட்டை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒருநாள் அக்கா வீட்டுக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அவள் போர்வையின் ஒரு முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே கேட்டாள். "அவரோட ஏண்டி பேச மாட்டேங்கற?"

"ஒண்ணுமில்ல."

"வேன்ல பேசுனதுக்கா?"

என் கையிலிருந்து போர்வை நழுவியது.

"எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள். "கண்ணத் தொறக்கத்தான் முடியல. உனக்குப் பட்டு எடுக்கறதப் பத்திக்கூட எம் மாமனாரு சொன்னாரு. உங்க மாமா மட்டும் ஒண்ணும் சொல்லாம வந்தாரு."

"ஒண்ணும் சொல்லாம வந்தாருன்னா அது நல்லதாக்கா?"

"நல்லதுன்னு சொல்லல." சோப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஆமா, அந்த ரத்தத்துல என்னமோ நம்பர் வந்துச்சே, அது எத்தனடி? எங்கிட்ட யாருமே சொல்லல."

சொன்னேன். அவள் அதை மெதுவாக ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அவ்வளவு பேரு கூடிப் பேசுனது இந்த ஒரு நம்பர வெச்சுத்தானா" என்று கேட்டுவிட்டு, போர்வையை எடுத்து மறுபடியும் அலசத் தொடங்கினாள். தண்ணீர் என் முகம்வரை தெறித்தது. கோபத்தில்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் உட்கார்ந்து நான் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டேன்.