இடது கதவு

இடது கதவின் உள்பக்கத்துக்கு நான் தைத்த உறை மூன்றாவது முறையும் கீழ்மூலையில் ஒட்டாமல் விலகி நின்றது. இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது. அட்டைமேல் பழுப்பு ரெக்ஸினை இழுத்து, ஓரம் மடித்து, வரிவரியாகத் தையல் ஓட்டிய உறை. அதே அளவில் தைத்தது வலது கதவில் தகட்டோடு தகடாக உட்கார்ந்திருந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஹெட் டிங்கர் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஜாக்கெட்டு தைக்கிற கையி காருக்குத் தைக்க வந்தா இப்படித்தானுங்க மொதலாளி." எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளைக்கு டாக்டர் வண்டியப் பாக்க வர்றாரும்மா. அதுக்குள்ள இது ஒக்காரலீன்னா, நீங்க நாளையோட நின்னுக்கலாம்" என்றார்.

நான் அந்தப் பட்டறைக்குப் போனது தேயிலை விலை விழுந்த காலத்தில். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த என் மாமனார் குன்னூருக்கு மேலே ஒரு ஏக்கர் தேயிலை வைத்துவிட்டுப் போயிருந்தார். பறிக்கிற கூலிக்குக்கூட இலைக்கு விலை வராமல் போனதும் என் கணவர் பறிப்பதையே நிறுத்திவிட்டார். இடுப்புயரம் நின்ற செடிகள் கவனிப்பாரில்லாமல் ஆளுயரம் வளர்ந்தன. வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது என் தையல் மிஷின் மட்டும்தான். எஸ்டேட்டுகளுக்கும் அதே கதி. பங்களா ஷெட்டுகளில் துரைமார் காலத்திலிருந்து நின்ற கார்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் அவற்றை ஆசையாக வாங்கிப் புதுப்பிக்க அனுப்பினார்கள். மலையே படுத்துக் கிடந்தபோது அருவங்காடு சாலையில் அந்தப் பட்டறை ஒன்றுதான் மூச்சுவிடாமல் வேலை செய்தது. சீட்டும் கதவு உறையும் தைக்க ஆள் கேட்டார்கள். என் மிஷினோடு போனேன்.

தகட்டில் விழுந்த ஒடுக்கையும் நெளிவையும் எடுப்பது ஹெட் டிங்கரின் வேலை. முதல் நாளிலிருந்தே அவருக்கு என்னை ஆகாது. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "தையக்காரி" என்பார். நான் முதலாளியிடம் பேச வாயெடுத்தால் சுத்தியலை எடுத்துத் தகட்டில் அடிக்கத் தொடங்குவார். பேச்சை நிறுத்தினால் அடியும் நிற்கும். நான் வெட்டி விரித்த ரெக்ஸின்மேல் கிரைண்டர் பொறி விழும்படி திரும்பி நின்று தேய்ப்பார். அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று ஒரு காலத்தில் நினைத்துப் பார்த்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரின் கார் ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்தது. எப்போதோ மழையில் சறுக்கி சில்வர் ஓக் மரத்தில் இடது பக்கம் மோதியிருக்கிறது. ஹெட் டிங்கர் இடது கதவை இரண்டே நாளில் முடித்துக் கொடுத்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது.

முதலாளி அப்படிச் சொன்ன அன்று மதியம் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் போகவில்லை. வலது கதவின் உள்தகட்டில் மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினேன். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டன. இடது கதவிலும் அப்படியே கட்டினேன். தொடவில்லை, நடுவில் ஒரு பென்சில் நுழையும் சந்து. கதவே முறுக்கிக்கொண்டு கிடந்தது. அப்படியானால் வெளிப்பக்கம் மட்டும் எப்படி நேராக இருக்கிறது? தரையில் சிந்தும் ஆணி, ஊசி பொறுக்க நான் வைத்திருந்த காந்தத்தை எடுத்து வெளித்தகட்டில் வைத்தேன். மேலே ஒட்டியது. கீழே கொண்டுபோனதும் வழுக்கி என் மடியில் விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் அங்கே இருந்தது முழுக்கப் பட்டிப் பசை. முறுக்கை எடுக்காமல், குழிந்த இடத்தில் பட்டியை அப்பித் தேய்த்து மூடியிருந்தார்.

முதலாளியிடம் அப்போதே தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்து கதவைத் திறந்ததும் விலகி நின்ற உறையைத்தான் முதலில் பார்த்தார். "அது அளவு தப்புங்க, வேற ஆள வெச்சுத் தெச்சுரலாமுங்க" என்றார் ஹெட் டிங்கர். நான் உறையைக் கழற்றிவிட்டு நூல்களைக் கட்டிக் காட்டினேன். பிறகு காந்தத்தை டாக்டர் கையில் கொடுத்து, "நீங்களே வெச்சுப் பாருங்க" என்றேன். காந்தம் சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் பட்டறைக்குள் எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் குனிந்து அதை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"இன்னும் எத்தன எடத்துல இப்படிங்க?" என்று முதலாளியைக் கேட்டார்.

கதவைக் கழற்றினார்கள். ஹெட் டிங்கர் பட்டியைச் செதுக்கியெடுத்தார். விரல் கனத்துக்குப் பாளம் பாளமாக வந்தது. கதவைக் கட்டைமேல் கிடத்தி, முழங்காலால் அழுத்தி முறுக்கை எடுத்தார். மரத்தில் மோதி விரிந்துபோன வெளித்தகடு, தொட்டால் டொக்கென்று உள்ளே போய், விட்டால் டொக்கென்று வெளியே வந்தது. காசளவு இடத்தை கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரச்சாக்கால் ஒற்றினார். தகடு சுருங்கியது. அடுத்த இடம், அதற்கடுத்த இடம். நான்கு நாள் இப்படியே செய்தார். கடைசியில் அவர் உள்ளங்கையால் அறைந்து பார்த்தபோது தகடு அசையவில்லை. மிஷினிலிருந்தபடி பார்க்கப் பார்க்க என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. தெரியாத மனிதராக இருந்திருந்தால் போகட்டும் என்றிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே என்னை மூன்று முறை தைக்க வைத்திருக்கிறார்.

பழைய உறையை, ஒரு தையல்கூட மாற்றாமல், கதவில் வைத்து அழுத்தினேன். ஒட்டி உட்கார்ந்தது. ஹெட் டிங்கர் எட்டிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "இப்பத்தானுங்க ஒழுங்கா தெச்சிருக்குது."

"அதே ஒறைதானுங்க. நான் ஊசியே தொடலீங்க" என்றேன். முதலாளி காதில் விழாதவர் போல வேறு வண்டிப் பக்கம் போனார்.

அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். "நீங்க இருந்தா அவரு போயிர்றேங்கறாரும்மா. தைக்க யாராச்சும் கெடைப்பாங்க. அவரு கைக்கு நான் எங்கீங்க போவேன்?" நான் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. மிஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்குச் சொந்தமாக சீட் கடை இருக்கிறது. ஆட்டோ, ஜீப் எல்லாம் வரும். இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வருடம் ஒருநாள் காலையில் ஹெட் டிங்கர் வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். தனியாக ஒரு பழைய கார் வேலை எடுத்திருக்கிறாராம். கதவு உறை தைக்க ஆள் கிடைக்கவில்லையாம். "ஒங்க அளவாட்ட ஒருத்தருக்கும் வர்றதில்லீங்க" என்றார். அதை அன்றைக்கு முதலாளி முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னால ஆகாதுங்க" என்றேன்.

நான் தலையைத் தூக்கவில்லை. அவர் போனபிறகு, வேலை செய்யும் பெண் ஒருத்தி, "பாவமுங்கக்கா, வயசானவரு. தெச்சுக் குடுத்திருக்கலாம்" என்றாள். கொடுத்திருக்கலாம்தான். கையில் அன்று வேலையும் அவ்வளவாக இல்லை. அவர் பஸ் ஸ்டாப் வரை மெதுவாக ஏறிப்போவது ஜன்னல் வழியே தெரிந்தது. வருத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் வந்து அவர் ஏறிப்போகும்வரை வரவில்லை.