வருத்தம் இல்லை

நான் வேலை பார்க்கும் இல்லத்தில் பணியாளர் எவருக்கும் எந்த நோயும் கிடையாது. முதல் மூன்று கிழமைகளும், இருபத்தொரு நாளும், என் பதிவேடு அப்படித்தான் சொன்னது. காலை ஏழு மணிக்கு நான் புத்தகத்துடன் தாழ்வாரத்தில் ஏறியதும் ஆயாக்களும் சமையல்காரர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "ஒரு வருத்தமும் இல்லீங்க" என்று நான் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். நான் திரும்பிப் போனதும் சுவருக்கு அப்பால் இருமல் கேட்கும். திரும்பி வந்து விசாரித்தால், மிளகாய் வறுத்த நெடி என்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதைப் படிப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்தில் ஒரு தொழுநோயாளர் இல்லம். விரல் தேய்ந்தவர்கள், பார்வை போனவர்கள், எல்லோரும் முதியவர்கள். உள்ளே வந்தவர்கள் வெளியே போவதில்லை. அவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் பதினெட்டுப் பேரில் ஒருவருக்குக் காசம் வந்தாலும் ஒரு வார்டுக்கே அது போய்ச் சேரும். அப்படி வராமல் பார்ப்பதுதான் என் வேலை. தண்ணீரில் உப்பு, காற்றில் மணல், எல்லாக் குழம்பிலும் மிளகாய். இந்த ஊரைப் பற்றி இதைவிட நல்லதாகச் சொல்ல எனக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை.

என் அய்யா கமுதிப் பக்கத்துக்காரர். யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தார். நான் பிறந்தது, படித்தது, ஆய்வுகூடப் பயிற்சி பெற்றது எல்லாம் அங்கேதான். பிரஜாவுரிமை இல்லையென்று ஆஸ்பத்திரி வேலையிலிருந்து என்னை நிறுத்தியபோது கொடுத்த காகிதத்தில் 'இந்தியர்' என்று எழுதியிருந்தது. கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினேன். இங்கே என் பெயர் சிலோன்காரி.

அந்த ஆஸ்பத்திரியில் "என்ன வருத்தம்?" என்று ஒருமுறை கேட்டால் போதும், போன வருடத்துக் காய்ச்சல் வரை கொட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கும் புத்தகத்துக்குக் கோடு போட்டேன். பெயர், உடல்வெப்பம், நிறை, வருத்தம். கடைசிக் கட்டத்தில் 'உண்டு' வந்தால் மட்டும் இருமல் எத்தனை நாளாக, சளியில் இரத்தம் வருகிறதா என்ற கேள்விகள். 'இல்லை' என்றால் அடுத்த பெயர். மூக்கம்மா என்ற ஆயாவின் நிறை மட்டும் இரண்டு இறாத்தல் இறங்கியிருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம், கணவர் இல்லை, இரண்டு மகள்கள். அவரிடம் மறுபடியும் கேட்டேன். "யாரு மேல வருத்தப்பட்டு என்னாகப் போகுது?" என்றார். திமிர் என்று நினைத்துக்கொண்டு 'இல்லை' எழுதினேன்.

நான்காம் கிழமை துணி அவிக்கும் இடத்தில் மூக்கம்மா இருமியபோது வெள்ளைத் துணியில் இரத்தம் விழுந்தது. சளியை வாங்கிக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, உருப்பெருக்கியில் பார்த்தேன். நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகள். காசம்தான், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"எத்தனை தரம் கேட்டனான்! வருத்தம் இல்லையெண்டு ஏன் பொய் சொன்னீங்கள்?" என்றேன்.

மூக்கம்மா முறைத்தார். "யாரு பொய் சொன்னது? மனசுல வருத்தம் இருக்கான்னு கேட்டீக, இல்லேன்னேன். சீக்கு இருக்கான்னா கேட்டீக?"

"வருத்தமெண்டால் நோய்தானே!"

அருகில் துணி அலசிக்கொண்டிருந்த இருளாயி என்ற ஆயா சிரித்தேவிட்டார். "அடி ஆத்தி! இதுக்குத்தான் தெனமும் வரிசையில நிப்பாட்டுச்சாக்கும்? போன வருசம் சூப்பரண்டு வந்து, 'என்ன வருத்தம்னாலும் மனசு விட்டுச் சொல்லுங்க'ன்னாரு. சொன்ன ரெண்டு பேரும் மறுநா வேலை போயி வீட்டுக்குப் போனாக. நீங்க அவரு அனுப்புன ஆளுன்னுல்ல நெனச்சோம்!"

இல்லத்தின் விதி இது: நோயைச் சொன்னவர் சானடோரியத்துக்குப் போகலாம், குணமாகித் திரும்பும்வரை வேலை காத்திருக்கும். மறைத்தவருக்கு வேலை போய்விடும். சூப்பரிண்டெண்ட் என் புத்தகத்தில் மூக்கம்மாவின் வரிசையை விரலால் தடவினார். "அத்தனையும் 'இல்லை'. மறைச்சிருக்கா. உங்க கையெழுத்தே சாட்சி."

நான் மூக்கம்மாவிடம் திரும்பிப் போனேன். "சீக்கு எண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பீங்களோ?"

"மாட்டேன்" என்றார். "வேலை காத்திருக்கும்னு எவன் நம்புவான்? சொல்லிட்டு வீட்டுக்குப் போனா எம்மகளுகளுக்கு யாரு கஞ்சி ஊத்துறது? கேட்டீக, சொல்லிட்டேன். போயி எழுதிக்கங்க."

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்த இருமலோடு எத்தனை கிழவர்களுக்குச் சோறு ஊட்டியிருப்பார் என்று கணக்குப் பார்த்தபோது இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கேட்காத கேள்விக்கு ஒருவர் பொய் சொல்லியிருக்க முடியாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதற்குப் புத்தகத்தில் கட்டமில்லை. அவருடைய வரிசையின் கீழே எழுதினேன்: 'கேட்ட சொல் இவ்வூரில் நோயைக் குறிக்காது. பிழை என்னுடையது.'

"தமிழ் தெரியாத ஆளை வேலைக்கு வச்சிருக்கேன்னு கமிட்டிக்கு நானே எழுதணுமா?" என்று கத்தினார் சூப்பரிண்டெண்ட்.

"ஓம்" என்றேன்.

"இந்த நேரத்துல என்னம்மா சாமி கும்பிடுறீங்க?"

எங்கள் 'ஆம்' அது என்று அவருக்கு விளக்கவில்லை.

கமிட்டி என் குறிப்பை ஏற்றுக்கொண்டது. மூக்கம்மாவின் வேலை காத்திருக்கிறது. அவர் சானடோரியத்துக்குப் பஸ் ஏறினார். வழியனுப்பப் போன என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு வந்த உத்தரவு வேறு. இனி நான் நேரடியாக யாரையும் கேட்கக்கூடாது. இருளாயி கேட்டுச் சொல்ல, நான் எழுத வேண்டும்.

ஆகவே இப்போது என் மேசைக்கு அருகே ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். இன்று காலை சமையல்காரர் வந்து நின்றார். "படுத்தால் மூச்சு முட்டுதோ?" என்றேன் இருளாயியிடம்.

"படுத்தா இழுப்பு வருதான்னு கேக்குது" என்றார் இருளாயி, என்னைக் காட்டி.

"வருதுன்னு சொல்லு" என்றார் சமையல்காரர்.

அவர் நிற்பது என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில். பேசியது தமிழ். எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்றாலும், இருளாயி வாயிலிருக்கும் வெற்றிலையை ஒதுக்கி, என் பக்கம் திரும்பி, "வருதாம்" என்று சொல்லும்வரை தாளில் பேனாவை வைக்கக்கூடாது. நான் காத்திருந்தேன்.